மூன்றாவது சோதனைக் குழி

"இந்தக் குழி நாம தோண்டறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுப்பா?"

வேலிக் கம்பம் நட அப்பா தோண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் குந்தியிருந்த தம்பி கேட்ட கேள்வி இது. அவனுக்கு அப்போது பால் பற்கள் விழத் தொடங்கியிருந்தன. அப்பா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். பதில் சொன்னது அக்காதான்.

"உன் வயித்துலடா. அதான் எவ்வளவு கொட்டினாலும் நிறையவே மாட்டேங்குது."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு விழுந்த நிலம் இன்று இரண்டாகக் கிடக்கிறது.

அப்பா காலமான பிறகு மேட்டுப் பக்கம் தம்பிக்கு வந்தது. வீடும் குழாய்க் கிணறும் உள்ள தாழ்ந்த பக்கம் அக்காவுக்குப் போனது. அக்காவின் கணவர் அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். தீவனத்துக்குச் சோளமும் போடுகிறார். கோழிக்கும் சோளத்துக்குமாக அவருடைய பம்ப் இரவு பகல் பாராமல் ஓடுகிறது. ஊர் ஊராக லாரி ஓட்டி அலுத்துத் திரும்பிய தம்பி, தன் மேட்டுக்கு அடியில் நல்ல கிராவல், சாலை போட வாங்குகிற சரளை மண், இருப்பதைக் கண்டான். சின்னதாக ஒரு குழி திறக்க அனுமதி கேட்டு எழுதிப் போட்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் இடையே பேச்சு சுருங்கிச் சுருங்கி இருமல் அளவுக்கு வந்து நிற்கிறது.

இன்று அதிகாரி வரும் நாள்.

அனுமதி மூன்று சோதனைக் குழிகளை நம்பி இருந்தது. கிராவல் எவ்வளவு ஆழம், கரை எவ்வளவு உறுதி என்று இந்தக் குழிகள் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்லும். நிலத்தடி நீரைத் தொடாமல் கிராவல் எடுத்தால் சரி. தொட்டால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெடும், அனுமதி கிடையாது. முதல் இரண்டு குழிகளும் மேட்டில் இருந்தன, அவற்றில் கவலை இல்லை. மூன்றாவது குழி தாழ்ந்த எல்லையோரம், பண்ணையை ஒட்டி இருந்தது. ஒன்றரை ஆள் ஆழம். ஒரு பக்கம் இறங்கிப் போகச் சரிவு. அடியில் சிவப்புக் கோடுகள் போட்ட அளவுக் கம்பு.

வாரக்கணக்கில் தம்பி அந்தக் கம்பைப் பார்த்து வந்தான். காலையில் பார்த்தான், மாலையிலும் பார்த்தான். ஒரு நாளும் ஈரம் ஏறவில்லை. இதுவும் கைகூடாவிட்டால் மறுபடி யாருடைய லாரியிலோ ஏறி உட்கார வேண்டியதுதான் என்று அவனுக்குத் தெரியும். அந்த வயதும் முதுகும் அவனிடம் இல்லை.

இன்று கம்பைத் துடைத்து வைக்கலாம் என்று விடிந்ததும் வந்தவன், குழியின் விளிம்பில் அப்படியே நின்றுவிட்டான்.

அடியில் கலங்கிய தண்ணீர் நின்றது.

 உடனே வேறொன்று கண்ணில் பட்டது. புல்லின் மேல் பாம்பு ஊர்ந்ததுபோல் ஒரு நீளத் தடம். தடத்தின் முடிவில் அவசரமாகச் சுருட்டி எறிந்த ரப்பர் குழாய். அதன் வாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயின் மறுமுனை கோழிக் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியில் மாட்டியிருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தான். வெறும் தொட்டி. விடிவதற்குள் அத்தனையும் அவன் குழிக்குப் போயிருந்தது.

 வேலியோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகப் பம்ப் கொட்டகைக்குப் போனான்.

முதல் அடியில் மூடி பறந்தது. இரண்டாவது அடியில் இரும்பு வெடித்தது. பிறகு அடிகளுக்கு வரிசை இல்லை. மாதக்கணக்கில் ஓயாமல் ஓடிய அந்த உறுமல் ஒரு கேவலோடு நின்றது. நின்ற பிறகும் அடித்தான். உடைக்கிறவனுக்கு உடைகிற சத்தம் இனிக்கும், பாவம், ஒரு நிமிஷம்தான் இனிக்கும்.

பம்ப் சத்தம் நின்றதால்தான் அக்காவின் கணவர், பண்ணைக்காரர், ஓடிவந்தார். கையில் தீவனம் அள்ளும் தகர முறம்.

"டேய்! என்னடா பண்றே? பைத்தியமாடா உனக்கு?"

"நீ என்ன பண்ணினியோ அதைத்தான்."

அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றும் 'மாமா' என்றும் கூப்பிட்டு வந்தவன் அவன். அந்த 'நீ' அவருடைய கன்னத்தில் அறைந்ததுபோல் விழுந்தது.

"யாரைடா 'நீ'ங்கறே?"

"திருட்டுத்தனமா என் குழியில தண்ணி ஊத்தினவனை. உனக்கு மரியாதை ஒரு கேடா?"

பண்ணைக்காரர் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவருக்கு இறங்கி வருவதைவிட ஏறி அடிப்பது சுலபமாகத் தெரியும்.

"ஆமா, ஊத்தினேன்! இன்னமும் ஊத்துவேன்! உன் குழி என் தண்ணியைக் குடிச்சிட்டுப் போறதை நான் கை கட்டிக்கிட்டுப் பார்க்கணுமா? இத்தனை உசுரு இந்தத் தண்ணியை நம்பி இருக்கு."

"அங்க தண்ணியே இல்ல. இருந்தா நீ ஏன் குழாய் போட்டு ஊத்தணும்?"

 பண்ணைக்காரர் பழைய விஷயத்தைத் தேடி எடுத்தார்.

"ஊரெல்லாம் சுத்திட்டு வெறுங்கையோட வந்து நின்னியே, அப்ப உனக்கு யாருடா சோத்துத் தட்டு வெச்சது?"

"எங்கக்கா வெச்சா. நீ ஒவ்வொரு வாயா எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தே."

முறம் அவன் முகத்துக்குப் பறந்தது. விளிம்பு புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்கியபோது அவன் கடப்பாரையைக் கீழே போட்டான். அதையும் கையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்கே பயம் வந்தது என்று நம்பலாம். மனிதனுக்குள் அந்த அளவு நல்லது எப்போதும் மிச்சம் இருக்கிறது.

"உன் குழியை இன்னைக்கே மூடறேன் பாரு!" பண்ணைக்காரர் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டு எல்லைக்கு ஓடினார்.

மூன்றாவது குழிக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு நின்றது. அதன் கதையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கிராவல் குழி திறக்கிறவர்கள் முதலில் மேல்மண்ணைத் தனியாக வழித்து, குழியைவிட்டுத் தள்ளிக் குவிப்பார்கள். வேலை முடிந்ததும் அதே மண்ணைத் திரும்பப் பரப்பினால்தான் நிலம் மறுபடி நிலமாகும். தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தான். ஆனால் ஒரு நாள் அக்கா வேலியோரம் வந்து சொன்னாள்:

"அப்பா உழுத இடம் கிழிஞ்சு கிடக்குதுடா. சமையக்கட்டு ஜன்னலைத் திறந்தா முதல்ல அதுதான் தெரியுது. எனக்கு அடுப்புப் பக்கம் போகவே பிடிக்கல."

மறுநாளே அவன் மேல்மண் முழுவதையும் குழிக்கும் அவளுடைய ஜன்னலுக்கும் நடுவே, குழியின் உதட்டிலேயே குவிக்கச் சொன்னான். மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் தலையைச் சொறிந்தான். இயந்திரச் சத்தத்தில் பழகிப்போய், ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறவன் அவன். எல்லோரும் அவனைச் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"விளிம்புல இவ்ளோ பாரம் ஏத்தக் கூடாதே! தள்ளிப் போட்டுடலாமா?"

"தள்ளிப் போட்டா மறைக்காது. அக்காவுக்குத் தெரியும்."

அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் மண்ணுக்கு அன்பு தெரியாது. அதற்குப் பாரம் மட்டும்தான் தெரியும். இந்தப் பாரத்துக்குக் கீழே இருந்த கரையில்தான் விடிகாலையிலிருந்து தண்ணீர் ஊறியிருந்தது.

பண்ணைக்காரர் மேட்டிலிருந்து மண்ணை வெட்டிக் குழிக்குள் தள்ளத் தொடங்கினார். நான்கு வெட்டு வெட்டியிருப்பார். தம்பி பின்னாலிருந்து வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். அவர் திரும்பி அவன் வயிற்றில் உதைத்தார். அவன் மண்வெட்டியைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்திலேயே காம்பை வீசினான். தடுக்கத் தூக்கிய அவருடைய வலது மணிக்கட்டில் அது பட்டது. காய்ந்த சுள்ளி முறிவது போன்ற சத்தம் இருவருக்கும் கேட்டது.

"கை... என் கைடா..."

"இந்தக் கையாலதானே ஊத்தினே?"

அவர் அலறிக்கொண்டே இடது கையால் ஒரு கூழாங்கல்லை எடுத்து அவன் வாயில் குத்தினார். பல் ஒன்று உடைந்தது. இரத்தமும் பல்லும் அவன் சட்டையில் விழுந்தன. அவன் ஒரு கையால் அவர் கழுத்தைப் பிடித்தான். அவர் தலையால் அவன் காதில் முட்டினார். இரண்டு பேரின் மூச்சும் மாட்டு மூச்சு மாதிரி இருந்தது. ஒருவர் மூஞ்சி இன்னொருவருக்குத் தெரியவில்லை.

"ஐயோ கடவுளே! விடுங்க! டேய் விடுடா!"

அக்கா ஈரக் கையோடு ஓடிவந்து நடுவே புகுந்தாள். ஒரு தோளைத் தள்ளினாள், ஒரு கையைப் பிடித்தாள். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் கைகள் வீசின. தம்பியிடம் காம்பு இருந்தது. கணவரிடம் கல் இருந்தது.

எதுவோ ஒன்று அவள் நெற்றியில் இறங்கியது.

அவள் அப்படியே உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்த்தி ஒருவனை மட்டும் பார்த்தாள். யாரை என்று கவனிக்கிற நிலையில் இருவருமே இல்லை.

"பார்த்தியா, உன் அக்காவையே அடிச்சிட்டே!"

"நான் அடிக்கல, நீதான்! உன் கல்லுதான்!"

"உன் கட்டைடா!"

அடித்தவன் தான்தானோ என்ற பயம் இரண்டு பேருக்குமே வந்தது. அந்தப் பயம் அவர்களை நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதில் வெறி பிடித்தவர்களாக்கியது. ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தபடி விளிம்பில் வழுக்கி, குழிக்குள் உருண்டார்கள். சேற்றில் விழுந்த பிறகும் தம்பி அவர் மேல் ஏறி உட்கார்ந்து குத்தினான். குத்துகிற ஒவ்வொரு முறையும் "என் குழி, என் குழி" என்றான். அவர் முழங்காலை மடக்கி அவனை உதைத்துத் தள்ளினார். அவன் கரையோரம் போய் விழுந்தான். அவர் மறுபக்கம் சரிவை நோக்கிப் புரண்டார்.

மேலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "மண்ணு! மண்ணு வருது!"

மேட்டுக்குக் கீழே கரையில் ஒரு விரிசல் ஓடியது. அவசரமே இல்லாததுபோல் அது அகலமானது. பிறகு கரையும் மேடும் ஒன்றாக உட்கார்ந்தன.

சத்தம் பெரிதாக இல்லை. சாக்கு மூட்டை ஒன்று விழுந்த மாதிரிதான். புழுதி அடங்கியபோது தம்பி இருந்த இடத்தில் தம்பி இல்லை.

அக்கா கத்திக்கொண்டே சாலைப் பக்கம் ஓடினாள். குழிக்குள் பண்ணைக்காரர் மட்டும் இருந்தார். அவருக்கு எதிரே மேலே ஏறிப் போகும் சரிவு திறந்து கிடந்தது. மணிக்கட்டு தொங்கியது. பின்னால் மேட்டின் மிச்சம் இன்னும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. எந்த நேரமும் அதுவும் வரும்.

அவர் சரிவைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம் பார்த்தார். அந்த ஒரு மூச்சைப் பற்றிப் பின்னர் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம் சொல்லியிருப்பார்.

பிறகு திரும்பி, மண்ணில் மண்டியிட்டு, இடது கையால் பறிக்க ஆரம்பித்தார்.

முதலில் தலைமுடி கிடைத்தது. அடுத்து நெற்றி, மூக்கு. வாய் நிறைய மண். விரலை விட்டுத் தோண்டி எடுத்தார். தம்பிக்கு மூச்சு வந்ததும் கடித்துவிட்டான்.

"கடிக்காதடா நாயே! மண்ணைத்தானே எடுக்கறேன்!"

"மா... மாமா..."

"பேசாதே. மூச்சு விடு. மூக்கால விடு."

மண் அவனைக் கழுத்து வரை இறுக்கியிருந்தது. அவர் வெளியே எடுக்க எடுக்க, மேலிருந்து அதே அளவு வழிந்து வந்தது. ஒற்றைக் கையால் அதை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் வேறொன்று செய்தார். மேட்டுக்கு முதுகைக் கொடுத்து, அவன் தலையைச் சுற்றி வளைந்து உட்கார்ந்துகொண்டார். சரிகிற மண்ணெல்லாம் அவர் முதுகில் விழுந்தது. அவன் முகத்துக்கு முன்னால் ஒரு சட்டி அளவு இடம் காலியாக நின்றது. முறிந்த கையை அவன் தோள் மேல் வைத்திருந்தார், வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மாமா... நீங்க மேல போங்க."

"இப்ப மட்டும் 'நீங்க' வருதா? வாயை மூடுடா."

அதிகாரி வருவதற்கு முன் இடத்தை ஒழுங்குபடுத்த வந்துகொண்டிருந்த சவுண்டுவைத்தான் அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் இயந்திரத்தைத் தூரத்திலேயே அணைத்துவிட்டு வந்திருந்தான்.

"வண்டி கிட்ட வந்தா அதிர்வுல மிச்சமும் விழும்! கையாலதான்! கையாலதான் எடுக்கணும்!" என்று கத்திக்கொண்டே சரிவில் இறங்கினான். அக்கா தீவன முறத்தால் அள்ளினாள். நெற்றி ரத்தம் சொட்டி முறத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. அவர்கள் தோண்ட, பண்ணைக்காரர் வளைந்தபடியே இருந்தார். கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அவருடைய கால்கள் மரத்துப்போயிருந்தன.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட வந்த ஊழியர் அக்காவின் நெற்றியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இது எப்படிம்மா ஆச்சு?"

இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள்.

"மண்ணு சரிஞ்சப்போ கல்லு தெறிச்சுது" என்றாள் அவள்.

பொய் பாவம்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பதையும் மேலே எழுதிவைக்காமலா இருப்பார்கள்?

ஊழியர் தம்பியின் விலா எலும்பை அழுத்தினார். அவன் துள்ளினான். "நீங்களும் ஏறுங்க. படம் எடுத்துப் பார்க்கணும்."

"இல்ல. அதிகாரி வராங்க. நான் இருக்கணும்."

கணவரை ஏற்றிவிட்டு, அக்கா ஆம்புலன்ஸ் படியில் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னமும் உனக்குக் குழிதானாடா?"

கதவு சாத்திக்கொண்டது.

அதிகாரி ஒரு பெண். முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். வந்ததும் சரிந்த கரையைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"விளிம்புல மேடு போடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஆள் சாகிற வேலைங்க இது. முதல்ல இதை அந்தப் பக்கம் இழுத்துப் போடச் சொல்லுங்க. குழி திறந்தா கரையைச் செங்குத்தா விடக் கூடாது, படிப்படியா இறக்கணும். எல்லையிலிருந்து தள்ளித்தான் தோண்டணும்."

"சரிம்மா."

சவுண்டு இயந்திரத்தை மேட்டின் பின்பக்கமாகக் கொண்டுவந்து, எட்ட நின்றே மண்ணை அள்ளி அள்ளித் தூரமாகக் கொட்டினான். சரிவு முழுக்க அடங்கிய பிறகு அதிகாரி மறுபக்கத்திலிருந்து குனிந்து பார்த்தார். அடியில் சேறு மட்டும் இருந்தது. காலையில் நின்ற தண்ணீர் கிராவலுக்குள் இறங்கிப் போய்விட்டிருந்தது. பண்ணைக்காரர் ஊற்றியது அத்தனையும் ஒரு காலைப் பொழுதுக்குக்கூட நிற்கவில்லை.

"ஈரமா இருக்கே, ஏன்?"

தம்பி வாயைத் திறந்தான். சொல்ல நிறைய இருந்தது. குழாய் இன்னும் புல்லில்தான் கிடந்தது. ஆனால் வாய் வீங்கியிருந்தது, உடைந்த பல்லில் காற்றுப் பட்டு வலித்தது. அவன் சும்மா இருந்தான். அது பெருந்தன்மை இல்லை, வலிதான்.

"பொழங்கின தண்ணி போல" என்று அதிகாரியே முடித்துக்கொண்டார். "இப்போ பார்த்த வரைக்கும் வறண்ட குழிதான். நாளைக்குக் காலையில வந்து கடைசியா அளவு எடுத்துக் கையெழுத்துப் போட்டுடறேன். அதுவரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது."

அப்படியானால் அனுமதி கிடைத்துவிட்டது. சவுண்டு அவன் தோளில் தட்டினான். விலா அலறியது. தம்பி சிரிக்க முயன்றான். வரவில்லை.

எல்லோரும் போன பிறகு மத்தியானம் முழுவதும் கட்டிலில் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தான். கண்ணை மூடினால் வாயில் மண் வந்தது. திறந்தால் மாமாவின் வளைந்த முதுகு வந்தது. வெயில் தணிகிற நேரத்தில்தான் அவன் காதில் ஒரு சத்தம் விழுந்தது. கோழிகள். எப்போதும் பம்ப் சத்தத்தில் அமுங்கிக் கிடக்கிற கூவல் இன்று தனியாகக் கேட்டது. அது தீவனத்துக்கான கூவல் இல்லை.

தொட்டி காலி. பம்ப் உடைந்து கிடக்கிறது. காலியாக்கியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உடைத்தவன் கட்டிலில் இருக்கிறான்.

அவன் எழுந்தான். எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கொட்டகையில் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையைத் தளரவிட்டு நின்றன. தண்ணீர்த் தட்டுகள் காய்ந்து வெளுத்திருந்தன. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு திரும்பினான். மேட்டில் இருக்கும் தன் வீட்டுத் தொட்டியிலிருந்துதான் சுமந்து வர வேண்டும். மேட்டில் ஏற வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். எத்தனை நடை ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்றாவது குழியைக் கடக்கும்போது கண் கூசியது.

சாய்ந்த வெயில் குழிக்குள்ளிருந்து அவன் முகத்தில் அடித்தது.

சரிவில் மெல்ல இறங்கினான். தண்ணீர். காலையில் பார்த்த கலங்கல் இல்லை. தெளிவாக, அடியில் கூழாங்கல் தெரிய நின்றது. சரிந்த மண்ணில் பாதி புதைந்து சாய்ந்திருந்த அளவுக் கம்பின் கால் நனைந்திருந்தது. யாராவது மறுபடி ஊற்றினார்களா என்று திரும்பிப் பார்த்தான். புல்லில் குழாய் காய்ந்து கிடந்தது. ஊற்ற அங்கே யாரும் இல்லை.

வாளியை அமிழ்த்தி மொண்டான். அடுத்த வாளியையும் மொண்டான். கோழிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தான். தண்ணீர் இறங்கவில்லை. மறுபடி மொண்டான். மறுபடி வந்தான். எடுத்த இடம் அடுத்த வாளி எடுப்பதற்குள் நிறைந்தது.

"இந்தத் தண்ணி இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

வாயைவிட்டுச் சொன்ன பிறகுதான் அது தன்னுடைய பழைய கேள்வி என்று அவனுக்கு உறைத்தது. வாளியைக் கீழே வைத்தான். சுற்றிலும் அமைதி. மாதக்கணக்கில் கேட்காத அமைதி. பதில் அந்த அமைதியில்தான் இருந்தது.

பம்ப் ஓடவில்லை.

அவன் கம்பைப் பார்த்த ஒவ்வொரு நாளும் அந்த பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இரவும் பகலும் அது உறிஞ்சியதால்தான் இங்கே நீர்மட்டம் கீழே கிடந்தது. இன்று காலை அவனே அதை அடித்து நிறுத்தினான். மண்ணுக்குள் இருந்தது சாயங்காலத்துக்குள் தன் இடத்துக்கு ஏறி வந்துவிட்டது. மாமா பொய்யாக ஊற்றிக் காட்ட நினைத்தது பொய்யே இல்லை. அவருக்கும் அது தெரியாது. உலகத்தில் இப்போது அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

சட்டைப் பையில் கைபேசி அலறியது. சவுண்டுதான். எடுத்ததும் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்தான்.

"நான்தான்! மெக்கானிக் இங்க என் பக்கத்துலதான் இருக்கான்! அந்த பம்ப்பை அப்படியே கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டிடலாமாம்! இப்பவே அனுப்பவா? ராத்திரி முழுக்க ஓடும்! உங்கக்கா வீட்டுல சந்தோஷப்படுவாங்க!"

தம்பி கம்பின் நனைந்த காலைப் பார்த்தான்.

பம்ப்பைச் சரிசெய்வது நல்ல காரியம். உடைத்தவனே சரிசெய்தான் என்று அக்கா மனம் இளகும். ஊர் மெச்சும். ராத்திரி முழுக்க ஓடினால் விடிவதற்குள் குழி வறண்டுவிடும். அதிகாரி வந்து கையெழுத்துப் போடுவார். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கெட்ட காரியம் இவ்வளவு நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவன் வாசலுக்கு வந்ததே இல்லை.

தன் மூக்குக்கு முன்னால் காலியாக நின்ற அந்தச் சட்டி அளவு இடம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே மண் விழாமல் பார்த்துக்கொண்ட முதுகும்.

"ஹலோ! இருக்கீங்களா? அனுப்பவா?"

"வேணாம்."

"என்னது?"

"நாளைக்கு அனுப்பு. அந்த அதிகாரியம்மா வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் அனுப்பு."

"அப்ப கோழிக்குத் தண்ணி?"

"அதைப் பத்தி உனக்கென்ன?" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சாய்ந்திருந்த அளவுக் கம்பை அசைத்துப் பிடுங்கினான். புதைந்திருந்த கோடுகளிலிருந்து சேற்றைச் சட்டை முனையால் துடைத்தான். தண்ணீரின் நடுவே நேராக ஊன்றி, அசையாமல் சுற்றிலும் கூழாங்கல் வைத்து இறுக்கினான். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று மேலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

பிறகு வாளிகளை எடுத்தான். முழு வாளி தூக்க முடியவில்லை, பாதிப் பாதியாகச் சுமந்தான். முடியாத இடத்திலெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசித் தட்டு நிறையும்போது கொட்டகைக்குள் வெளிச்சம் போயிருந்தது. கூவல் அடங்கி, அலகுகள் தண்ணீரைத் தொடும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. கோழிகள் ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி மேலே பார்த்து விழுங்கின.

அவன் வாளிகளைத் துடைத்து, வாசலில் முன்பு இருந்தபடியே கவிழ்த்து வைத்தான். கொட்டகைத் தாழ்ப்பாளைப் போட்டான். தரையில் சிந்தியிருந்த ஈரத்தைக் காலால் மண் தள்ளி மறைத்துவிட்டு, அக்காவின் இருண்ட ஜன்னலைத் தாண்டி மேடு ஏறினான்.